ரெண்டரை நூல் நட்டு: திருவண்ணாமலையில் ஒரு மரையைத் தேடி

கொஞ்சம் ஏடாகூடமா நடந்துக்கிறவங்களை நம்ம ஊர்ல எப்படிச் சொல்லுவோம்? "அவன் ஒரு மரை கழண்ட கேஸுப்பா." பள்ளிக்கூடத்திலேயே நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை இது. ஆனா மரைன்னா என்னன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? போல்ட்டைச் சுத்தி ஏறிப்போகுதே ஒரு வரி, நட்டுக்குள்ளேயும் அதே மாதிரி சுத்துதே, அதுதான் மரை. இந்த எபிசோட் அந்த வரியோட வரலாறு. நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்திலிருந்து தொடங்குறேன்.

திருவண்ணாமலையில் எங்க பெரியப்பா இருக்கார். ரிட்டயர்டு வாத்தியார். அவர்கிட்ட 1970-களில் தயாரான ஒரு புல்லட் இருக்கு. பெரியம்மாவுக்கு முட்டி வலி. 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்க முடியாது. அதனால் பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாட்களில், விடியற்காலையில் பெரியப்பா புல்லட்டை எடுப்பார், பெரியம்மா பின்னால் உட்காருவார். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரைக்கும் எட்டு லிங்கத்திலும் வண்டி நிற்கும். பெரியம்மாவோட கிரிவலம் இதுதான். பல வருஷமா இப்படித்தான்.

போன வருஷம் ஒரு வாரக் கடைசியில் சென்னையிலிருந்து போயிருந்தேன். பின் சக்கரம் பஞ்சர். "நான் பார்த்துக்கிறேன் பெரியப்பா"ன்னு கழட்ட உட்கார்ந்தேன். பின் பிரேக் தட்டைப் பிடிச்சிருக்கிற ஆங்கர் நட்டு ஒண்ணு இருக்கும். அதுக்கு 13 ஸ்பேனர் நுழையலை. 14 போட்டேன், வழுக்கி வழுக்கி எப்படியோ கழண்டது. கழண்ட நட்டு உருண்டு, வாசல் சாக்கடையில் விழுந்தது. போச்சு.

பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அளந்தா கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். எம் 8 நட்டு ஒண்ணு வாங்கி மாட்டினேன். ஒரு சுத்து போச்சு, அப்புறம் இறுகிக்கிச்சு. துரு போலன்னு நினைச்சு ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். ஒரு மாதிரி 'கிறீச்'னு சத்தம். திண்ணையில் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நிறுத்துடா. விரல்ல போகாத நட்டை ஸ்பேனரால போடக் கூடாது."

கழட்டிப் பார்த்தா, ஸ்டட்டோட முதல் மூணு மரை சிதைஞ்சிருந்தது. அந்த ஸ்டட் பிரேக் தட்டோட சேர்ந்தது. தனியா கழட்டி மாத்துற சமாச்சாரம் இல்லை. அந்த நட்டு இல்லாம ஓட்டவும் முடியாது. அது விட்டுப் போனா, பிரேக் அழுத்தும்போது சக்கரத்தோட சேர்ந்து பிரேக் தட்டும் சுத்தப் பார்க்கும். சக்கரம் அப்படியே பூட்டிக்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கிறது பெரியம்மா.

அன்னைக்குச் சாயங்காலம் பெரியப்பா சாதாரணமா சொன்னார்: "வித்துடலாம்டா. ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க. இதுக்குச் சாமானும் கிடைக்கிறதில்லை." பெரியம்மா ஒண்ணும் பேசலை. உள்ளே போயிட்டாங்க.

ஒரு நட்டுதானே, அது ஏன் கிடைக்காது? இந்தக் கேள்விதான் என்னை 1841 வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

ஒவ்வொரு நட்டுக்கும் ஒரே ஒரு போல்ட்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு இயந்திரத்தைக் கழட்டினால், ஒவ்வொரு நட்டையும் எந்தப் போல்ட்டிலிருந்து எடுத்தோமோ அதோடவே கட்டி வைக்க வேண்டும். கலந்துவிட்டால் தீர்ந்தது. ஏனென்றால் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரே பட்டறையில்கூட ஒரு நட்டு இன்னொரு போல்ட்டுக்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்று ஒரு பட்டறைக்காரர் இருந்தார். துல்லியமாக மரை வெட்டும் லேத்துக்குப் பேர் போனவர். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இளைஞர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். அதன் பிறகு விட்வொர்த், ஜோசப் கிளமெண்ட் என்பவரின் பட்டறையிலும் வேலை பார்த்தார். அந்தப் பட்டறையில்தான் சார்லஸ் பாபேஜின் கணக்குப் போடும் இயந்திரம் உருவாகிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் கொள்ளுத் தாத்தா என்று சொல்கிறோமே, அதே இயந்திரம்தான். அதற்கு ஒரே மாதிரியான நுணுக்கமான உறுப்புகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தில் துல்லியம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டவர், 1833-ல் மான்செஸ்டரில் தனிப் பட்டறை தொடங்கினார்.

1841-ல் லண்டனில் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். சொன்னது எளிமையான விஷயம்: எல்லோரும் ஒரே மாதிரி மரை வெட்டுவோம். ஆனால் எந்த மாதிரி? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவர் தன் மூளையில் உதித்த ஒரு வடிவத்தை 'இதுதான் சரி'ன்னு நீட்டலை. நாட்டின் முக்கியமான பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். எல்லாவற்றையும் அளந்து சராசரி எடுத்தார். மரைப் பள்ளத்தின் கோணம் சராசரியில் 55 டிகிரி வந்தது. அதையே வைத்துக்கொண்டார். மரையின் முனையும் அடியும் கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருக்கட்டும் என்றார். ஒவ்வொரு பருமனுக்கும் ஒரு இஞ்சுக்கு எத்தனை மரை என்று ஒரு பட்டியல் போட்டார். கால் இஞ்சுக்கு 20. 5/16-க்கு 18. 3/8-க்கு 16. அரை இஞ்சுக்கு 12.

இந்த நாலு எண்களை ஞாபகம் வெச்சுக்கோங்க. எபிசோட் முடியறதுக்குள்ள உங்க வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கப் போறோம்.

ரயில்வே கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஒரு ஊரில் செய்த போல்ட்டுக்கு இன்னொரு ஊரில் நட்டு கிடைத்தால் எவ்வளவு நிம்மதி! 1860 வாக்கில் பிரிட்டன் முழுக்கக் கிட்டத்தட்ட விட்வொர்த் மரைதான். பிரிட்டிஷ் இயந்திரங்கள் கப்பலேறிய இடமெல்லாம் மரையும் கூடவே போனது. சென்னைக்கும் வந்தது.

அப்புறம் குடும்பம் பெருத்தது. விட்வொர்த் மரை கரடுமுரடானது; அதிரும் இயந்திரத்தில் சீக்கிரம் தளரும். நெருக்கமான மரை வேண்டும் என்று 1908-ல் பி.எஸ்.எஃப் வந்தது. கடிகாரம், தந்திக் கருவி போன்ற நுண்ணிய வேலைகளுக்கு 1884-ல் பி.ஏ என்று ஒன்று ஏற்கெனவே வந்திருந்தது. அது ஒரு வேடிக்கை: பிரிட்டிஷ்காரர்களுடையதுதான், ஆனால் அளவு மில்லிமீட்டரில். சைக்கிள்காரர்கள் 1902-ல் தங்களுக்கென்று தனி மரை வகுத்துக்கொண்டார்கள். சி.இ.ஐ என்று சொல்வார்கள். அதில் கோணம் 60 டிகிரி, பெரும்பாலான அளவுகளுக்கு இஞ்சுக்கு 26 மரை. சைக்கிள் கம்பெனிகள் பலவும் பிறகு மோட்டார் சைக்கிள் செய்தன. அப்படியே இந்த 26 மரையும் மோட்டார் சைக்கிளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் 5/16 இஞ்ச் ஸ்டட்டுக்கு இப்போ வாங்க. விட்வொர்த் என்றால் இஞ்சுக்கு 18 மரை. பி.எஸ்.எஃப் என்றால் 22. சைக்கிள் மரை என்றால் 26. மூணுக்கும் பருமன் ஒன்றுதான்: 7.94 மில்லிமீட்டர். நான் வாங்கின எம் 8 நட்டில், இஞ்சுக்குக் கணக்குப் பார்த்தால், ஏறக்குறைய 20 மரை. பருமன் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், முதல் சுத்து ஏமாத்தி ஏறும். அதுக்கு மேல ரெண்டு மரையும் ஒண்ணை ஒண்ணு தின்ன ஆரம்பிக்கும்.

ஸ்பேனர் நுழையாததுக்கும் இதே குடும்பம்தான் காரணம். விட்வொர்த் ஸ்பேனரில் '1/4' என்று எழுதியிருந்தால், அது வாயின் அகலம் இல்லை. எந்தப் போல்ட்டுக்கானது என்பதுதான் அந்த எண். உண்மையான வாய் 0.525 இஞ்ச், அதாவது 13.3 மில்லிமீட்டர். 13 நுழையாது, 14 வழுக்கும். அதே ஸ்பேனர்தான் 5/16 பி.எஸ்.எஃப் நட்டுக்கும்.

லண்டனில் செத்தது, திருவொற்றியூரில் பிழைத்தது

இவ்வளவு பரவலான ஒன்று எப்படி வழக்கொழிந்தது?

அமெரிக்காவில் 1864-ல் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு மரையைப் பரிந்துரைத்தார். 60 டிகிரி, முனை தட்டை. வெட்டுவதற்குச் சுலபம். அமெரிக்கா அதில் போனது. ரெண்டு நாடும் தனித்தனியாக இருந்தவரை பிரச்சினை இல்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஒரே போரில் ரெண்டு மரை. அரை இஞ்சுக்கு பிரிட்டன் 12 மரை, அமெரிக்கா 13 மரை. பிரிட்டனின் மெர்லின் விமான இன்ஜினை டெட்ராய்ட்டில் பேக்கார்ட் கம்பெனி தயாரித்தபோது, அதற்குள் இருக்கும் பிரிட்டிஷ் மரைகளை அப்படியே வெட்ட வேண்டியிருந்தது. அதற்கான கருவிகளையே புதுசாகச் செய்துகொண்டார்கள்.

போர் முடிந்ததும் 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. கோணம் 60 டிகிரி. விட்வொர்த்தின் 55 தோற்றது. பிறகு 1965-ல் பிரிட்டனின் தர நிர்ணய அமைப்பே சொல்லிவிட்டது: விட்வொர்த், பி.எஸ்.எஃப், பி.ஏ மூன்றும் வழக்கொழியப் போகிறவை. புது வடிவமைப்புக்கு மெட்ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 124 வருஷ ஆட்சிக்கு இப்படி ஒரு முடிவு.

ஆனால் அதற்குள் சென்னையில் ஒரு வேலை நடந்துவிட்டது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் உதிரிகளாக வந்த வண்டிகளை இங்கே பூட்டினார்கள். 1956-ல் மொத்தம் 163 வண்டி. பிறகு உறுப்புகளைச் செய்யும் கருவிகளும் இங்கே வந்தன. படிப்படியாக முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

கருவி வந்தது என்றால் மரையும் வந்தது என்று அர்த்தம். மரை என்பது காகிதத்தில் இருக்கும் பட்டியல் மட்டும் இல்லீங்க. அது டேப்பில் இருக்கு, டையில் இருக்கு, சோதிக்கிற கேஜில் இருக்கு. ஒரு மரையை மாற்ற வேண்டும் என்றால் அதோடு சேரும் உறுப்பையும் மாற்ற வேண்டும், ஏற்கெனவே ரோட்டில் ஓடும் வண்டிகளுக்குப் பழைய உதிரியும் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஓடுகிற ஒன்றை யார் போய்க் கலைப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் நம்ம நாடு வேகமா மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. 1956-ல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. சேர் போய்க் கிலோ வந்தது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் தன் பல இடங்களில் இஞ்ச் மரையோடுதான் வெளியே வந்தது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1977-ல் சென்னை புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. வழக்கொழியப் போகிறது என்று 1965-ல் அவர்கள் சொன்ன மரை, பன்னிரண்டு வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து கப்பலேறி அவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போனது.

தேடல்

சரி, என் நட்டு.

முதலில் திருவண்ணாமலையிலேயே ஒரு பழைய ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயசானவர். ஸ்டட்டோட அளவைச் சொன்னதும், "ரெண்டரை நூலா?"ன்னு கேட்டார்.

நம்ம கொத்தனார்களும் ஆசாரிகளும் ஹார்ட்வேர் கடைக்காரர்களும் இன்னைக்கும் இப்படித்தான் பேசுறாங்க. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ரெண்டு நூல்னா கால் இஞ்ச். மூணு நூல்னா 3/8. ரெண்டரை நூல்னா 5/16. வீடு கட்டும்போது "மூணு நூல் கம்பி"ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. சட்டம் மில்லிமீட்டருக்குப் போய் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நாக்கு இன்னும் நூலில்தான் இருக்கு.

அவர் ரெண்டரை நூல் நட்டு எடுத்துக் கொடுத்தார். ஆனா அது சாதா விட்வொர்த், 18 மரை. அது இன்னைக்கும் கடைகளில் கிடைக்கும். கிரில், கேட், ஷெட்டுன்னு நிறைய வேலைக்கு வாங்குறாங்க. கிடைக்காதது நெருக்கமான மரை. "பொடி மரையா? அது இப்ப வர்றதில்லை தம்பி"ன்னுட்டார்.

அடுத்த வாரம் சென்னையில் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரிச்சு உதிரி விக்கிற தெருக்கள். ஒரு கடையில் எண்ணெய் டப்பா நிறைய நட்டு. ஒரு மணி நேரம் கிளறினேன். 26 மரையில் கால் இஞ்ச் கிடைச்சது, 3/8 கிடைச்சது. நடுவில் இருக்கிற என்னோடது இல்லை. வெளிநாட்டுக் கடைகளில் ஆன்லைனில் இருந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்களுக்காகவே நடத்துற கடைகள் இங்கிலாந்தில் உண்டு. நட்டு விலையைவிடத் தபால் செலவு பல மடங்கு.

இந்தத் தேடலில் நான் கத்துக்கிட்ட சில விஷயங்களைச் சொல்லிடறேன். வீட்டில் தாத்தா வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு உதவும். முதலில் மரையை மண்ணெண்ணெய் போட்டு பிரஷ்ஷால் சுத்தம் பண்ணுங்க. வெர்னியரில் பருமனை அளங்க. அடுத்து ஒரு இஞ்சுக்கு எத்தனை மரைன்னு எண்ணுங்க. ஸ்டட் குட்டையா இருந்தா அரை இஞ்சுக்கு எண்ணி ரெண்டால் பெருக்குங்க. போன் கேமராவில் ஸ்கேலோட சேர்த்துப் படம் எடுத்தா எண்ணுறது சுலபம். த்ரெட் கேஜ்னு விசிறி மாதிரி விரியும் ஒரு கருவி இருக்கு. அதோட பல்லை மரையில் வெச்சு வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. இடுக்கில் வெளிச்சம் தெரிஞ்சா அது பொருந்தலை.

முக்கியமா, மாட்டிக்கிச்சே போதும்னு விட்டுடாதீங்க. கால் இஞ்ச், 26 மரைத் துளையில் எம் 6 போல்ட் அழகா ஏறும், ஏன்னா மரை இடைவெளி ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா எம் 6 மூணில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேல ஒல்லி. மரை நுனியில் மட்டும்தான் பிடிச்சிருக்கும். கையில் நல்லா இருக்கும். பாரம் ஏறினா உருவிக்கிட்டு வரும். நான் செஞ்ச தப்பு சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துடுச்சு. இது காட்டிக் கொடுக்காது.

லேத்தின் ஞாபகம்

திரும்பவும் திருவண்ணாமலை. அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. போர்வெல் மோட்டார், டிராக்டர் பின், கரும்பு ஆலை ஷாஃப்ட் இப்படித்தான் அங்கே வேலை. பெரியப்பாவே கூட வந்தார். பட்டறைக்காரர் அவரோட பழைய மாணவர்.

"என்ன சார், நீங்களே வந்துட்டீங்க? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே."

"தம்பி ஒரு காரியம் பண்ணிட்டான்பா. கொஞ்சம் பாரு."

கழட்டி எடுத்து வந்த பிரேக் தட்டை வாங்கி, த்ரெட் கேஜ் வெச்சுப் பார்த்தார். "இருபத்தாறு. டேப் இல்லை. செஞ்சுக்கலாம்."

"டேப்பையா?"

"பின்ன நட்டையா? டேப் இருந்தா நட்டு தானா வரும்."

அவர் செஞ்சதைப் பக்கத்தில் நின்னு பார்த்தேன். அவரோட லேத்தில் லீட் ஸ்க்ரூன்னு ஒரு நீளமான தண்டு இருக்கு. வெட்டுற கருவியை நகர்த்துறது அதுதான். அதிலேயே இஞ்சுக்கு 4 மரை. இஞ்சுக்கு 26 மரை வேணும்னா, நடுவில் போடுற பல் சக்கரங்களின் விகிதம் 4-க்கு 26, அதாவது 2-க்கு 13. பெட்டியைத் திறந்து 65 பல் சக்கரத்தை எடுத்தார். 65-ன்னா 13 அஞ்சு. கூட 20, 40, 80. போட்டுக் கணக்குப் பார்த்தா சரியா 2-க்கு 13 வருது.

"இதுல மெட்ரிக் மரை வெட்டணும்னா என்னண்ணா பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"அதுக்குத்தான் பா கஷ்டம். நூத்தி இருபத்தேழு பல் சக்கரம் வேணும்."

ஏன் 127? ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். அதை முழு எண்ணாக்கினால் அஞ்சு இஞ்சுக்கு 127 மில்லிமீட்டர். 127 பகா எண். சின்னச் சக்கரங்களாக உடைக்க முடியாது. ஆக, உலகம் முழுக்க வழக்கொழிஞ்சதுன்னு சொல்ற மரை, இந்த லேத்துக்குத் தாய்மொழி. புது மரைதான் அதுக்கு மொழிபெயர்ப்பு.

கடினப்படுத்தக்கூடிய எஃகுத் தண்டில் 26 மரையை வெட்டினார். நீளவாக்கில் பள்ளம் ராவினார். அதுதான் வெட்டுற விளிம்பு. கேஸ் விளக்கில் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். மறுபடி லேசா சூடு காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினார். டேப் ரெடி. அறுகோணக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, துளை போட்டு, அந்த டேப்பை ஓட்டினார். பிறகு மெல்லிய முக்கோண அரம் எடுத்து, நான் சிதைச்ச மூணு மரையையும் ஒவ்வொண்ணா சீவி எடுத்தார். மூணு மணி நேரம் ஆச்சு. கேட்ட பணம், நான் சென்னையில் ஒரு சினிமாவுக்கும் பாப்கார்னுக்கும் செலவழிக்கிறதைவிடக் குறைவு. கொஞ்சம் கூடக் கொடுத்தேன். பெரியப்பாவைப் பார்த்துட்டு வாங்க மறுத்துட்டார்.

நட்டை விரலால் வெச்சு சுத்தினேன். கடைசி வரைக்கும் விரலிலேயே போச்சு.

ஒரு வழி நான் சொல்லாம விட்டேன். ஸ்டட்டையே கடைஞ்சு சின்னதாக்கி மெட்ரிக் மரை வெட்டியிருக்கலாம். நிறைய வண்டிகளில் அப்படித்தான் செஞ்சிருக்காங்க, அதுவும் ஓடும். ஆனா அடுத்து கழட்டுறவருக்கு அங்கே என்ன மரைன்னு தெரியாது. அவர் என்னை மாதிரியே ஸ்பேனர் போட்டு முறுக்குவார். மரைன்னா முன்பின் தெரியாத ரெண்டு பேருக்கு நடுவில் இருக்கிற வாக்கு. ரெட்டிச்சில் யாரோ ஒருத்தர் கொடுத்த வாக்கை அவலூர்பேட்டை ரோட்டில் ஒருத்தர் காப்பாத்தினார்.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். பாத்ரூம் குழாயைப் பாருங்க. 'அரை இஞ்ச்'னு வாங்குறீங்களே, அதோட மரையை வெளியே அளந்தா 21 மில்லிமீட்டர் வரும். எங்கேயும் அரை இஞ்ச் இருக்காது. அது பழைய இரும்புக் குழாயோட உள்விட்டம். அந்த மரைக்குக் கோணம் 55 டிகிரி, இஞ்சுக்கு 14. விட்வொர்த்தின் வாரிசான பி.எஸ்.பி. அமெரிக்கா தவிர்த்து உலகின் பெரும்பகுதி, மெட்ரிக் நாடான ஜெர்மனி உட்பட, இன்னும் அதைத்தான் பயன்படுத்துது. உங்க சைக்கிள் பெடல் 9/16 இஞ்ச், 20 மரை. அதுவும் பழைய சைக்கிள் மரைதான். கேமரா டிரைபாடில் இருக்கிற ஸ்க்ரூ கால் இஞ்ச், 20 மரை. இன்னைக்கு அதோட கோணம் 60-ன்னு மாறியிருக்கலாம், எண்ணிக்கை அதே 1841 பட்டியல். நான் இப்போ பேசிக்கிட்டிருக்கிற இந்த மைக் ஸ்டாண்டோட மரை 3/8, இஞ்சுக்கு 16. நாலு எண்ணில் ரெண்டு இங்கேயே இருக்கு.

பட்டறையை விட்டுக் கிளம்பும்போது அந்த டேப்பைக் கேட்டேன். கொடுக்கலை. "உங்களுக்கு எதுக்கு? இங்க இருந்தா நாளைக்கு வேற யாராவது வருவாங்க." சுவரில் ஒரு கம்பி கட்டியிருந்தார். அதில் பல வருஷமா சேர்த்த நட்டுகள், மாதிரிக்குன்னு ஒவ்வொண்ணும் ஒரு அளவு. எனக்குச் செஞ்ச கம்பியிலேயே இன்னொரு நட்டும் வெட்டியிருந்தார். அதையும் அதில் கோத்தார். விட்வொர்த்தும் இப்படித்தானே தொடங்கினார். ஊர் ஊராகப் போல்ட் சேர்த்து, ஒண்ணோட ஒண்ணை வெச்சுப் பார்த்து.

வண்டி விற்கப்படலை. மறுநாள் காலை அஞ்சு மணிக்கு வாசலில் அந்த 'தட் தட்' சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். ஜன்னல் வழியா பார்த்தா, பெரியம்மா புடவையை ஒதுக்கிக்கிட்டு ஏறி உட்கார்றாங்க. பெரியப்பா ஏறுறதுக்கு முன்னால் குனிஞ்சு, பின் சக்கரத்துப் பக்கம் அந்த நட்டை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு பழைய டப்பா இருக்கும், நட்டும் போல்ட்டுமா. தூக்கிப் போடறதுக்கு முன்னால் ஒரு தடவை எண்ணிப் பாருங்க, இஞ்சுக்கு எத்தனை மரைன்னு. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.